அண்ணைக்கும் எனக்கும் கட்டின தங்கப்பல்

1

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, தொலைபேசி அடித்தது. மன்னாரில் இருந்து டிலானி. என்னுடைய அண்ணையின் கடைசி மகள். வருகிற ஆவணியில் அவளுக்குக் கலியாணம்.

"சித்தப்பா, ஒண்டு கேக்கிறன். ஏசக்கூடாது."

"விசயத்தைச் சொல்லு பிள்ளை."

"முன் பல்லிலை சின்னக் கல்லு ஒண்டு பதிக்கப் போறன். இப்ப எல்லாரும் செய்யினம். சிரிச்சால் மினுங்கும். பல்லைக் கொஞ்சமாத்தான் உரஞ்சுவினமாம். அம்மா சொல்லுறா, பல்லு விசயம் சித்தப்பாவுக்குத்தான் தெரியும், அவரைக் கேள் எண்டு."

"ஆர் உரஞ்சப் போகினம்? டொக்டரோ?"

"இல்லைச் சித்தப்பா, மணப்பெண் சோடிக்கிற அக்கா."

நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு கிழமை பொறு, எழுதி அனுப்புறன்" என்றேன்.

"எழுதியோ? வொயிஸ் போட்டு விடுங்கோவன்!"

குரலில் அனுப்புகிற விசயம் இல்லை இது. ஊரில் எங்கள் பங்குக் கோயில் மலருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி அங்குள்ள பங்குச் சாமி இரண்டு முறை கேட்டு விட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் கரையோரத்தில் முந்தி தங்கப்பல் கட்டுகிற வழக்கம் இருந்தது. பல்லுப் பழுதாகிக் கட்டுவதில்லை. நல்ல பல்லுக்குத்தான் கட்டுவது. மாப்பிள்ளைமார் கட்டுவார்கள், கப்பலுக்குப் போய் வந்தவர்கள் கட்டுவார்கள், இரண்டு வள்ளம் சொந்தமாக வைத்திருப்பவர் கட்டாயம் கட்டுவார். அதற்கு டொக்டரிடம் போகிறதில்லை. நகை செய்கிற பத்தரிடம்தான்.

நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டது எண்பத்தாறில். அம்மா அதற்கு முதல் வருசம் காலமாகிவிட்டா. அவவின் கழுத்தில் கிடந்த தங்கக் குருசு, சின்னச் சிலுவை, ஐயாவிடம் இருந்தது; அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் போகப் போகிறேன் என்று தெரிந்ததும் ஐயா அண்ணையையும் என்னையும் பத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"கழுத்திலை போட்டால் அறுப்பாங்கள். கையிலை போட்டால் கழட்டுவாங்கள். பல்லிலை கிடந்தால் ஆரும் தொடமாட்டாங்கள்" என்றார்.

அண்ணைக்கு மனம் ஒப்பவில்லை. "அம்மான்ரை குருசை உருக்கிறதோ ஐயா?"

"உருக்கி உங்கள் ரெண்டு பேரின்ரை வாயிலையும் வைக்கிறன். செபம் சொல்லுற வாய்தானே. சாகுமட்டும் கழட்டக்கூடாது." நாங்கள் இரண்டு பேரும் ஓம் என்று சொல்லுக் கொடுத்தோம்.

பத்தர் என்னை முக்காலியில் இருத்தி, வலது பக்க மேல் வேட்டைப்பல்லைச் சின்ன அரத்தால் உரஞ்சினார். மரத்துப்போக ஊசி கிடையாது. ஒரு மிடறு சாராயத்தை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். அரம் படப்படக் காதுக்குள்ளால் நோகும். நான் குழறினேன்.

"சத்தம் போடாதையடா" என்றார் அண்ணை. "பத்தர் வீட்டிலை பண்டி வெட்டுறாங்கள், இறைச்சி வாங்குவம் எண்டு சனம் சட்டியோடை வரப்போகுது."

உரஞ்சின பல்லுக்குத் தேன்மெழுகில் அச்செடுத்து, தங்கத்தைத் தகடாகத் தட்டி, தொப்பி போலச் செய்து, ஏதோ சிமெந்து வைத்து அழுத்திவிட்டார். இரண்டு கிழமை பச்சைத்தண்ணி குடிக்க ஏலாது. அண்ணைக்கு இடது பக்கம். அவர் கத்தவில்லை. ஆனால் முக்காலியின் காலைப் பிடித்த கை வெள்ளையாய்ப் போனதை நான் கண்டேன்.

பிறகு பத்தரின் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று பல்லைக் காட்டிப் பார்த்தோம். அடுத்த கிழமை நான் வெளிக்கிட்டு விட்டேன். அண்ணை ஐயாவோடு நின்றார். அதன் பிறகு இருபத்து மூன்று வருசம் அண்ணை எனக்குக் கடிதமும் படமும்தான்.

3

டென்மார்க்கில் என்னைப் பதிந்த பொலிஸ்காரர் பெரிய உடம்பு, மெல்லிய குரல். பெயர், பிறந்த திகதி, உயரம், கண்ணின் நிறம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவர், விசேட அடையாளம் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். மொழிபெயர்க்க வந்தவர் மச்சம், தழும்பு ஏதும் இருக்கோ என்று கேட்டார். நான் பல்லைக் காட்டினேன். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டு 'தங்கப்பல்' என்று எழுதினார். என்னைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் விவரங்களில் அது ஒன்று.

பிராண்டே என்ற ஊரில் வீடு கிடைத்து, ஊரில் கலியாணம் பேசி, றெஜினாவை இங்கே கூப்பிட்டுக் கட்டி, மகள் ஸ்ரெலா பிறந்தாள். நான் காற்றாலைக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தேன். என் வேலை இறக்கையின் விளிம்பை உரஞ்சிறது. முகமூடி, கண்ணாடி, வெள்ளை உடுப்பு, கையில் மெசின். உடன் வேலை செய்கிற ஹென்ரிக் என்னுடைய பல்லை விடமாட்டான். கூடத்தில் ஒரு விளக்கு எரியாவிட்டால், "முகமூடியைக் கழட்டிச் சிரி, நாங்கள் வேலையைப் பாக்கிறம்" என்பான். நான் கோவிக்கிறதில்லை. அந்தப் பல்லு எனக்குப் பெருமைதான்.

ஆனால் அது இரண்டு முறை கழன்றது. ஒருமுறை பாண் துண்டைக் கடிக்கும்போது, இன்னொருமுறை மார்கழி நத்தார் விருந்தில் கரமல் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு முறையும் பல் டொக்டரிடம் ஓடினேன். இரண்டு முறையும் அவ, "உள்ளே சொத்தை பிடிக்குது, பல்லைச் சுற்றி முரசுச் சதையும் வீங்குது, இதை விடுவது நல்லதில்லை" என்றா. எனக்கு டெனிஷ் அரையும் குறையும்தான், ஆனால் 'நல்லதில்லை' விளங்கும். "திரும்ப ஒட்டுங்கோ, பிளீஸ்" என்று நின்றேன். ஒட்டிவிட்டா.

ஸ்ரெலா வளர வளர அந்தப் பல்லு அவளுக்குக் கூச்சம். பாடசாலைக் கூட்டத்துக்கு நான் வெளிக்கிட்டால், வாயை மூடிச் சிரிக்கச் சொல்லுவாள். நாங்கள் தமிழில் கேட்க அவள் டெனிஷில் மறுமொழி சொல்லுகிற காலம் எப்போது தொடங்கியதென்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஊரில் இருந்து கடிதம் வந்தால் நான் சத்தமாக வாசிப்பேன். அவள் எழும்பித் தன் அறைக்குப் போய்விடுவாள். அண்ணை அவளுக்குச் சுவரில் கிடக்கிற ஒரு படம், அவ்வளவுதான்.

4

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பற்றி நான் உங்களுக்கு எழுதத் தேவையில்லை. நீங்கள் அதுக்குள் இருந்தீர்கள். நாங்கள் இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம்.

அண்ணை குடும்பம் மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து, பெயர்ந்து, வன்னியின் கடைசி மூலை வரைக்கும் போய்விட்டது. தை மாதம் கடைசியாகக் கதைத்தார். "பிள்ளையளுக்குச் சாப்பாடு கிடக்கு, நீ யோசியாதை" என்றார். சித்திரையில் அண்ணியும் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் இராணுவப் பக்கம் வந்து முகாமில் அடைபட்டார்கள். அண்ணையும் மூத்தவன் ரொசானும் சனத்துக்குள் பிரிபட்டுப் போனார்கள். வைகாசியில் சண்டை முடிந்தது. இரண்டு பேரிடம் இருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

அந்த வைகாசி மாதத்தில்தான் என்னுடைய பல்லு நோகத் தொடங்கியது. முரசு வீங்கி, இரவில் கன்னமெல்லாம் இடிக்கும். நான் மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன்: அண்ணை கிடைக்கும் வரைக்கும் இந்தப் பல்லில் ஆரையும் கை வைக்க விடமாட்டேன். இந்த நோவை ஒப்புக்கொடுக்கிறேன், அவரைத் தாரும்.

றெஜினாவுக்கு அது பிடிக்கவில்லை. "பல்லு நோவுக்கு எண்டே ஒரு புனிதை இருக்கிறா. அவவும் உங்களைப் பாத்து, டொக்டரிட்டைப் போ மேனே எண்டுதான் சொல்லுவா."

"நீ செபமாலையைச் சொல்லு."

"நான் சொல்லுறன். நீங்கள்தான் 'அருள் நிறைந்த மரியே'யை ஒரு பக்கத்து வாயாலை சொல்லுறியள்."

காணாமல் போனவர்களைத் தேடுகிற அமைப்பு ஒன்றின் விண்ணப்பம் தபாலில் வந்தது. நான்கு பக்கம், டெனிஷும் ஆங்கிலமும். சமையலறை மேசையில் இருந்து நிரப்பினேன். ரொசானுக்கு ஒன்று, அண்ணைக்கு ஒன்று. அண்ணையின் பெயர் அந்தோனி. எங்கள் பக்கத்தில் வாசலில் நின்று அந்தோனி என்று கூப்பிட்டால் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் இருந்த நல்ல படம் அவருடைய கலியாணப்படம். இருபது வருசத்துக்கு முந்தியது. பிறகு வந்த படங்கள் எல்லாவற்றிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். யுத்தம் அண்ணையின் சிரிப்பைக் கொண்டுபோய்விட்டது என்று நான் றெஜினாவிடம் சொல்லியிருக்கிறேன். கலியாணப்படத்தில்தான் பல்லுத் தெரியச் சிரித்தார். அதையே ஒட்டினேன்.

விசேட அடையாளம் என்ற இடம் வந்தது. எனக்குப் பொலிஸ்காரரின் ஞாபகம். இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் நல்ல மறுமொழி இருக்கு என்று நினைத்தேன். பெரிய எழுத்தில் எழுதினேன்: மேல்வாய், இடது வேட்டைப்பல், தங்கம்.

அதன் பிரதி ஒன்றை எங்கள் ஊர்ச் சாமிக்கும் அனுப்பினேன். அவர் ஆசுபத்திரி ஆசுபத்திரியாகப் போய் ஆக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

ஆடி மாதம் சாமி தொலைபேசி எடுத்தார். பின்னால் ஆட்களின் சத்தம்.

"தம்பி, வவுனியாப் பக்கம் ஒரு ஆசுபத்திரியிலை ஒருத்தர் இருக்கிறார். கட்டில் மட்டையிலை அந்தோனி எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு. தலையிலை காயம், காய்ச்சல். கேக்கிற கேள்விக்கு மறுமொழி இல்லை, ஏதோ முனகுறார். தாடியும் மீசையும். உம்மடை படத்தோடை வைச்சுப் பாத்தன், முகம் பிடிபடேல்லை."

"பல்லைப் பாத்தியளோ சாமி?"

"அதைத்தான் முதல் பாத்தது. வாயைத் திறந்துகொண்டு நித்திரை. தங்கம் இல்லை."

நான் ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "அப்ப அது அண்ணை இல்லைச் சாமி" என்றேன்.

"நிச்சயமோ?"

"நிச்சயம். அண்ணை அதைக் கழட்டமாட்டார். ஐயாவுக்குச் சொன்ன சொல்லு."

சாமி அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்ததாகப் பிறகு சொன்னார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க இறக்கை உரஞ்சினேன். ஹென்ரிக் ஒரு பகிடியும் விடவில்லை. என் முகத்தில் ஏதோ கண்டிருக்க வேண்டும்.

நான் பிழையாகச் சொன்ன அந்த ஒரு சொல்லை இப்போதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறேன். சாமிமார், அது பாவமில்லை என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

6

ஆவணியில் கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டது. காய்ச்சல். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பினார். றெஜினா என்னைக் கேட்கவில்லை. பல் டொக்டருக்கு அடித்து நேரம் எடுத்து, ஸ்ரெலாவையும் கூட அனுப்பினா. "நேர்த்தியை நான் மாதாவோடை கதைக்கிறன். நீங்கள் காருக்கை ஏறுங்கோ."

ஸ்ரெலாவுக்கு அப்போது பதினாறு. வழிமுழுக்கக் காதில் பாட்டு.

டொக்டர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் போட்டா. தங்கம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. அதுக்குக் கீழே பல்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. வேரின் நுனியில் பட்டாணி அளவு வட்டம், அதுதான் சீழ் என்றா. பக்கத்துப் பல்லும் சரியத் தொடங்கியிருந்தது.

"இதைக் கட்டினது ஆர் எண்டு கேக்கிறா" என்றாள் ஸ்ரெலா, எனக்கு விளங்குகிற லேசான டெனிஷில்.

"பத்தர் எண்டு சொல்லு."

"அதுக்கு டெனிஷில் என்ன?"

"நகை செய்யிற ஆள்."

டொக்டர் நம்பாமல் என்னைப் பார்த்தா. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினா. ஸ்ரெலா துண்டு துண்டாகச் சொன்னாள். பல்லுக்கு மேலே ஒரு கடினமான பூச்சு இருக்காம். அதுதான் பல்லின் காவல். பத்தர் அதை அரத்தால் எடுத்துவிட்டார். தொப்பியின் விளிம்பு பல்லோடு ஒட்ட இருக்கவில்லை. அந்த இடைவெளியால் சாப்பாடும் தண்ணியும் உள்ளே போகும். துலக்க ஏலாது. தங்கம் பழுதாகாது, உள்ளே இருக்கிற பல்லு பழுதாகும். வெளியே ஒன்றும் தெரியாது.

எனக்கு உடனே விளங்கியது. என் வேலையே அதுதானே. இறக்கையின் மேல்பூச்சில் விளிம்போரம் மயிரளவு வெடிப்பு விட்டால் போதும், தண்ணி உள்ளே போய்விடும். வெளியே வெள்ளையாய் மினுங்கிக்கொண்டிருக்க உள்ளே ஊறிப்போகும். அப்படி விட்டால் மேற்பார்வையாளர் எங்களை ஏசுவார். அன்று முக்காலிக்கு முன்னால் நின்ற ஐயாவையும் பத்தரையும் நினைத்தேன். ஐயா பாவம், அவருக்கு இது தெரியாது.

"இழுக்க வேணுமாம்" என்றாள் ஸ்ரெலா.

"ஏலாது எண்டு சொல்லு. நேர்த்தி."

"அதை நான் எப்படிச் சொல்லுறது?"

அவள் என்ன சொன்னாள் தெரியாது. கனநேரம் கதைத்தாள். பெரியப்பா என்ற தமிழ்ச்சொல் இடைக்கிடை விழுந்தது. அவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று எனக்கு அதிசயம். கடிதம் வாசிக்கிறபோது அறைக்குள் போனவள் கதவை முழுக்கச் சாத்தவில்லைப் போல.

டொக்டர் கையுறையைக் கழற்றினா. என்னுடைய பழைய மருத்துவக் கோவையைத் திரையில் பார்த்து, இரண்டு விரலைக் காட்டிச் சொன்னா. இந்தத் தொப்பி இவ்வளவு காலம் நின்றது அதிசயமாம். நின்றதுக்குக் காரணம் தான் இரண்டு முறை கழுவி ஒட்டினதுதானாம். ஒட்ட ஆளில்லாவிட்டால் எப்பவோ தொப்பியும் போயிருக்கும், பிறகு பல்லும் போயிருக்குமாம்.

ஸ்ரெலா அதை எனக்குச் சொல்லிவிட்டு நின்றாள். பிறகு டெனிஷில் கேட்டாள்:

"அப்ப பெரியப்பாவுக்கு ஆர் ஒட்டினது?"

கதிரையில் சரிந்து கிடந்த நான் எழும்பி இருந்தேன். வன்னியில் ஆர் ஒட்டுவது? பனடோல் குளிசையே இல்லாத இடத்தில் எந்த டொக்டர் தங்கத் தொப்பியைக் கழுவி ஒட்டுவார்? வாயை மூடிக்கொண்டு அண்ணை நின்ற அத்தனை படங்களும் ஒவ்வொன்றாக வந்தன. அவர் சிரிப்பு மறந்து நிற்கவில்லை. பல்லு போன இடத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"போனைத் தா" என்றேன். கழுத்தில் கட்டின கடதாசித் துண்டோடு வெளியே ஓடினேன்.

7

அண்ணியைப் பிடிப்பது லேசில்லை. முகாமுக்குள் ஒருத்தர் ஒளித்து வைத்திருந்த தொலைபேசிக்கு அடித்து, அவவைக் கூட்டி வரும்படி கெஞ்சி, திரும்ப அரைமணித்தியாலத்தால் எடுக்க வேண்டும். கதைக்கக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிசம். நான் காருக்குள் இருந்தேன். ஸ்ரெலா பக்கத்தில், பாட்டை நிற்பாட்டிவிட்டாள்.

"அண்ணி, அண்ணையின்ரை தங்கப்பல்லு?"

"என்ன தம்பி, இப்ப பல்லைக் கேக்கிறியள்?"

"கிடக்கோ, இல்லையோ?"

"அது எங்கை கிடக்கு! ரொசான் கைப்பிள்ளையா இருக்கேக்கை, முந்தி ஓடிப்போய்க் கிளிநொச்சியிலை இருந்த காலத்திலை கழண்டு விழுந்தது. பேந்து பல்லு கறுத்து, நொந்து, ஆரோ ஒரு மருந்து குடுக்கிறவர்தான் பிடுங்கிவிட்டவர். ரெண்டு நாள் இரத்தம் நிக்கேல்லை. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர். ஐயாவுக்குச் சொன்ன சொல்லு தவறிப்போச்சாம், தம்பிக்கு முகம் காட்ட ஏலாதாம்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அண்ணி."

"நீங்கள் ஆரும் கேக்கேல்லையே தம்பி."

உண்மை. நான் கேட்கவில்லை. நான்கு பக்கம் நிரப்பினேன், பெண்சாதியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இருபத்து மூன்று வருசத்துக்கு முந்தி பத்தரின் கண்ணாடியில் கண்ட வாயையே எழுதி அனுப்பினேன்.

சாமிக்கு அடித்தேன். அவர் எடுக்கும்வரை ஒன்பது முறை அடித்திருப்பேன். "சாமி, நான் சொன்னது பிழை. தங்கத்தைப் பாக்காதையுங்கோ. இடதுபக்கம் மேலே பல்லு இல்லாத ஆளைப் பாருங்கோ. அந்த அந்தோனியை இன்னொருக்காப் போய்ப் பாருங்கோ."

சாமி சொன்னார்: "தம்பி, ஒரு மாதமாப் போச்சு. அவர் அங்கை இருக்கிறாரோ, இருந்தால் எப்பிடி இருக்கிறாரோ, நான் சொல்ல ஏலாது."

"போவியளோ சாமி?"

"போறன். கதைக்கக்கூடிய நிலையிலை இருந்தால் என்ன கேக்க? வேறை ஆருக்கும் தெரியாத ஒண்டைச் சொல்லும்."

நான் யோசித்துச் சொன்னேன்: "அம்மான்ரை குருசு எங்கை எண்டு கேளுங்கோ."

மூன்று நாள். றெஜினா மாதா படத்துக்கு முன்னால் விளக்கை அணைய விடவில்லை. நான் வாயில் உப்புத்தண்ணியும் டொக்டர் தந்த குளிசையுமாகக் கிடந்தேன். இரண்டாம் நாள் ஸ்ரெலா அந்த அமைப்பின் விண்ணப்பத்தைக் கணினியில் எடுத்து, என் பக்கம் திருப்பினாள். விசேட அடையாளம்: மேல்வாய், இடது வேட்டைப்பல் இல்லை. அதை அவளே அடித்தாள். ரொசானின் பக்கத்தையும் திறந்து, திருத்த ஏதும் இருக்கோ என்று கேட்டாள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய பல்லு எல்லாம் நல்ல பல்லு. எழுத ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் சாமி எடுத்தார்.

"அவரை வேறை வாட்டுக்கு மாத்தியிருக்கினம். காய்ச்சல் விட்டிட்டுது. எழும்பி இருக்கிறார், ஆனால் கதை குறைவு. பெயரைக் கேட்டன், பேசேல்லை. ஊரைக் கேட்டன், பேசேல்லை. பயம் போலை. பேந்து கிட்டப் போய் நீர் சொன்னதைக் கேட்டன். அம்மான்ரை குருசு எங்கை எண்டு."

நான் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"என்னை வடிவாப் பாத்தார் தம்பி. வாயைத் திறந்தார். விரலை எடுத்து அந்த ஓட்டைக்குள்ளை வைச்சார். வைச்சுக்கொண்டு அழுதார்."

8

ரொசான் இன்னும் கிடைக்கவில்லை. அவனுடைய விண்ணப்பம் இன்றும் திறந்தே இருக்கிறது. வருசத்துக்கு ஒரு கடிதம் வரும், விவரம் மாறியிருந்தால் அறிவிக்கவும் என்று. மாறவில்லை என்று நான் எழுதி அனுப்புவேன். அவனுக்காக ஒவ்வொரு மாதமும் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். உயிரோடு இருக்கிறவனுக்கா, இல்லாதவனுக்கா என்று சாமி கேட்கிறதில்லை, நாங்களும் சொல்லுகிறதில்லை.

என் நேர்த்தி தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிழமையே பல்லை இழுப்பித்தேன். டொக்டர் அந்தத் தொப்பியைக் கழுவிச் சின்னப் பொலித்தீன் பையில் போட்டுத் தந்தா. வெளிப்பக்கம் பத்தர் தந்த அன்று போல மினுங்கியது. உள்பக்கம் கரி. அந்த நாற்றம் கழுவியும் போகவில்லை. அரசாங்கத்தில் இருக்கிற என் கோவையில் எத்தனை கடதாசியில் தங்கப்பல் என்று கிடக்குதோ தெரியாது. நான் திருத்தப் போகவில்லை.

அதுக்கு இரண்டு கிழமையால் சாமி தன்னுடைய தொலைபேசியை அண்ணையின் கையில் கொடுத்தார். றெஜினாவும் ஸ்ரெலாவும் பக்கத்தில் நிற்க, நான் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பல்லில்லாத இடத்தால் காற்றுப் போகிற சத்தமும்.

"தம்பி."

"அண்ணை."

"ஐயாவுக்குச் சொன்ன சொல்லை நான் காப்பாத்தேல்லையடா. விழுந்த தொப்பியைச் சீலைத்துண்டிலை முடிஞ்சு வைச்சிருந்தன். கடைசி நாளிலை அதுவும் துலைஞ்சு போச்சு." கொஞ்சம் பொறுத்து, "உன்ரை கிடக்குத்தானே? அது காணும். ஒண்டு கிடந்தால் காணும்."

நான் ஸ்ரெலாவைப் பார்த்தேன். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இல்லை அண்ணை. ரெண்டு கிழமைக்கு முந்தி பிடுங்கியாச்சு. உள்ளுக்கை எல்லாம் ஊத்தையாப் போச்சு."

அங்கால் ஏதோ கொறகொறவென்று கேட்டது. இருமுகிறார் என்று நினைத்தேன். அண்ணை சிரித்தார்.

"பிடுங்கேக்கை குழறினியோடா?"

"இல்லை அண்ணை. இஞ்சை ஊசி போடுவினம்."

"அப்ப சனம் சட்டியோடை வரேல்லை."

டிலானிப் பிள்ளை, உன்ரை அப்பா இந்தக் கதையை உனக்கு முழுக்கச் சொல்லியிருக்கமாட்டார். நீ கேட்டதுக்கு மறுமொழி இதுதான்: நல்ல பல்லில் அரம் படவிடாதை, கொஞ்சமாக உரஞ்சினாலும் போனது திரும்ப வராது. உனக்கு மினுக்கம் வேணுமெண்டால் என்னிடம் ஒரு சின்னத் துண்டுத் தங்கம் இருக்கு. இங்கே ஓகூஸ் நகரில் ஒரு தமிழ்ப் பத்தரிடம் அந்தத் தொப்பியைக் கொடுத்து உருக்கி, திரும்பக் குருசாகச் செய்விச்சிருக்கிறன். ஒரு விரல் நகம் அளவுதான் வந்தது. ஸ்ரெலா உன்ரை கலியாணத்துக்கு வரேக்கை கொண்டுவருவாள். அப்பாவிட்டைக் கொடுத்து உன்ரை கழுத்திலை போடச் சொல்லு. படம் எடுக்கேக்கை அவரை வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லு.